அரைப்பேர்

கந்தப்பளை ஃபெக்டரியின் வாட்டுமாடியில்
மூன்றாவது ஜன்னலுக்கு மட்டுமே சிக்னல் வரும்.
இரவு இரண்டு மணிக்கு அங்கே
மூன்று பேரும் ஒரே ஃபோனில் குனிந்திருப்போம்.
ஃபேன்கள் இரைந்துகொண்டிருக்கும்.
கொழுந்து தன் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும்.

எங்கேயோ ஒரு நாட்டில் அப்போது மாலை.
வெள்ளைத் தரை, நடுவில் இலோனா.
தாவுவதற்கு முன் நெடுநேரம் பின்னோக்கியே போவாள்,
வளைவில் பஸ்ஸுக்கு இடம்விடும் லொறியைப் போல.
அந்தோணிராசுக்கு அது ஆகாது.
அவனுக்கு ஹருமிதான்.
"தாவல் எங்க தொடங்குதுன்னே தெரியாது பாரு,
பேசிக்கிட்டிருக்கிறவ சிரிச்சிட்ட மாதிரி."
"சிரிச்சா போதுமா, மூணாவது சுத்து எங்க?"
நான் எண்ணுகிறவன்.
நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டு
கால் சுற்றுக் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"நீ தராசுக்காரனாப் போயிருக்கணும்"
என்பாள் பிரான்சிஸ்கா.
பதினொரு வருஷம் மலையில் நின்றவள்.
பதினெட்டுக் கிலோவுக்கு அரைக் கிலோ குறைந்து
அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பியவள்.
நடுவர்கள் புள்ளி குறைக்கும்போதெல்லாம்
"போட்டுட்டானுங்க அரைப்பேர்" என்று
ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள்.

பிறகு இலோனா போட்டிகளை விட்டாள்.
ஊர் ஊராய்ப் போகும் ஐஸ் ஷோ ஒன்றில் சேர்ந்தாள்.
இறகு, புகை, ஊதா வெளிச்சம்.
"சர்க்கஸ்" என்றேன் நான்.
"மூணு சுத்த ஒண்ணாக்கிட்டா. சம்பளத்துக்கு ஆடுறா."
"நீ இங்க நேர்த்திக்கடனுக்கா வேலை செய்யுற?"
என்றாள் பிரான்சிஸ்கா.
அந்தோணிராசு ரொட்டியைச் சம்பலில் தோய்த்துக்கொண்டு
இருவரையும் பார்க்காமல் இருந்தான்.
இரண்டு வாரம் ஜன்னலுக்கு யாரும் போகவில்லை.

அந்த ஷோ கொழும்புக்கு வந்தது.
மூன்று பேர் காசுக்கு ஒரு சீட்டு.
தீக்குச்சி எடுத்தோம். நீளமானது எனக்கு.
பிரான்சிஸ்கா ஒன்றும் சொல்லவில்லை.
தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தாள்:
"ஐஸ் பக்கத்துல குளிரும்."

நானுஓயாவில் இரவு ரயில் ஏறினேன்.
கொழும்பு காலையிலேயே வேர்த்துக்கொண்டிருந்தது.
அரங்குக்குள்ளே பிள்ளைகள் பல் கிட்டி நின்றார்கள்.
எனக்கு அது வெறும் ஜனவரி.
துகள் பனி விழுந்த விடியலில்
கொழுந்து கருகுவதற்குச் சற்று முன்
காற்றில் ஒரு வாசம் நிற்குமே, அது.

பறவை வேஷத்தில் வந்தாள்.
லொறி பின்னால் போனது.
ஒன்று, என்று எண்ணினேன்.
இறங்கிவிட்டாள்.
முழங்காலில் தோல் நிறத்தில் ஒரு பட்டி.
மிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.

மிச்சம் இதுதான்:
தூக்கிய கால் கீழே வரவேயில்லை.
பாட்டு முடிந்து,
வெளிச்சம் கோமாளியிடம் தாவி,
சனம் சிரிக்கத் தொடங்கிய பிறகும்
ஓரத்து இருட்டில் அவள்
கை விரித்தபடி வழுக்கிக்கொண்டே போனாள்.
யாரும் பார்க்கவில்லை.
எவ்வளவு தூரம் என்று
எனக்கு எண்ணத் தோன்றவில்லை.

மறுநாள் இரவு ஷிஃப்ட்.
"எத்தன சுத்து?" என்றான் அந்தோணிராசு.
"ஒண்ணு."
"அப்போ நீ சொன்னது சரிதான்."
"அப்புறம்?" என்றாள் பிரான்சிஸ்கா.

வாயில் வரவில்லை.
செருப்பைக் கழற்றினேன்.
தொட்டிகளுக்கு நடுவே
நடந்து நடந்து வழுவழுத்த பலகை.
பின்னோக்கிப் போனேன், ஒரு காலைத் தூக்கினேன்,
கை விரித்தேன்,
தொட்டிக்குள் விழுந்தேன்.

அந்தோணிராசு விழுந்து விழுந்து சிரித்தான்.
அவள் என் தலையிலிருந்து ஓர் இலையை எடுத்தாள்.
"கைய அப்படியா வச்சிருந்தா?"
"இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."
கொழுந்து கிளறும் நேரம் தாண்டியிருந்தது.
கூரைத் தகரத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
"அப்போ," என்றாள், "திருப்பிச் செய்."